மஞ்சளா, சாம்பலா?

"இதே இடத்துலதான் நின்னேன்" என்றார் பல் டாக்டர். "வாக்கிங் முடிஞ்சு வந்து கேட்டைச் சாத்திக்கிட்டு இருக்கேன். முதுகுப் பக்கம் சரளைக்கல் நொறுங்குற மாதிரி ஒரு சத்தம். திரும்பினா மஞ்சள் கார் என்னைப் பார்த்து இறங்கி வருது. உள்ள ஆளே இல்லை."

சொல்லும்போது அவர் கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. கம்பி கடகடவென்று ஆடியது. தினமும் அடுத்தவர் வாயில் நடுங்காமல் ஊசி போடுகிற கை அது. முழங்கையில் கட்டு. கேட்டின் ஒரு பாதி நசுங்கி வெளிப்பக்கம் மடங்கிக் கிடந்தது. ஒரு எட்டு தள்ளி விழுந்திராவிட்டால் அந்த மடிப்புக்குள் இவர் இருந்திருப்பார்.

எனக்கும் நடுங்கியது. அதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் துப்பறிகிறவரின் உதவியாளன். தைரியசாலி என்று எந்த விளம்பரத்திலும் போட்டுக்கொண்டதில்லை. துப்பறிகிறவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, தானாக நசுங்கியதா, யாராவது நசுக்கினார்களா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவருடைய பழைய வேலை. வேலை போனாலும் சந்தேகம் போகவில்லை.

டாக்டருக்கு ஒரே ஒரு ஆசை. வாரம் முழுக்க கிளினிக்குக்குப் போகவும், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் விரட்டவும் ஒரே கார் வேண்டும். ஷோரூம்காரர்கள் இரண்டு கார்களைக் கொண்டுவந்து வீட்டில் விட்டு, ஓட்டிப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்கள். மஞ்சள் கார் டிராக்குக்கென்றே பிறந்தது. இரண்டே சீட், எஞ்சின் முதுகுக்குப் பின்னால், உட்கார்ந்தால் தரையோடு தரை. சாம்பல் கார் வீட்டுப் பிள்ளை. நாலு சீட், சிக்னலில் சமர்த்தாக நிற்கும், அழுத்தி மிதித்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். டாக்டரின் மனசு மஞ்சளில் இருந்தது. நேற்றுக் காலை வரை.

"மஞ்சளை முந்தின நாள் நிறுத்தினது யாரு?" என்றார் அத்தை.

"நான்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரும் போட்டுத்தான் விட்டேன். உருண்ட பிறகு போய்ப் பார்த்தா ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கு, வண்டி நியூட்ரல்ல இருக்கு."

"நடுவுல யாரும் எடுக்கலையா?"

"யாரும் எடுக்கல" என்றார் டாக்டர். போர்ட்டிகோவில் நின்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

ஒருவர் டாக்டரின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பாவப்பட்ட முகம். "எனக்கு வேகம்னாலே தலை சுத்தும்ங்க. நம்ம குட்டி ஆட்டோமேட்டிக்கையே சாமியைக் கும்பிட்டுட்டு ஓட்டுறவன் நான்" என்றார்.

இன்னொருவன் டாக்டரின் தம்பி. வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுகிறார்கள். மாடியில் குடியிருப்பு, தொழில் கார் ரேஸ். கொட்டகையில் உறை போட்டு மூடியிருந்தது அவனுடைய ரேஸ் கார். "நேத்து சாயங்காலம் ரெண்டு வண்டியையும் கழுவித் துடைச்சு வச்சேன். அதோட சரி. ஓட்டல" என்றான்.

மோதியும் மூக்கில் கீறலோடு தப்பியிருந்த மஞ்சள் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அத்தை குந்தினார். டயரின் உள் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். உருண்டை உருண்டையாகக் கறுப்பாக ஏதோ உள்ளங்கையில் விழுந்தது. அழிரப்பரை அழுத்தித் தேய்த்தால் வருமே, அதே மாதிரி.

"டாக்டர், இதை டிராக்குல ஓட்டினீங்களா?"

"இல்லையே. ரெண்டையும் இன்னிக்குத்தான் முதல் தடவையா கொண்டுபோறதா இருந்தோம்."

அத்தை எழுந்து, பூச்செடிகளைப் பார்ப்பது போல என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"டிராக்குல டயர் சூடாகிக் கோந்து மாதிரி ஆயிடும். கீழே கிடக்கிற ரப்பர் துணுக்கெல்லாம் ஒட்டிக்கும். கழுவினாலும் சுலபத்துல போகாது. யாரோ நேத்து விடியக்காலையில இதைக் கொண்டுபோய் விரட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க."

"ஹேண்ட்பிரேக் கூட போடாமலா?"

"அதுலதான்டா ஆள் மாட்டுறான். டிராக்குல ஓட்டிட்டு வந்தா பிரேக் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்கும். அப்போ ஹேண்ட்பிரேக்கை இழுத்தா சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கும், அதைக் கவ்வுற பேடும் ஒட்டிப் பிடிச்சுக்கும். அதனால டிராக்குல பழகினவங்க இழுக்க மாட்டாங்க. கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க."

"சரி, கல்லு நழுவிடுச்சு. வண்டி உருண்டுடுச்சு. கேஸ் முடிஞ்சது, வாங்க போகலாம்."

"கியர் எப்படி நழுவுச்சு? கல்லு எங்கே போச்சு?"

வழியில் சரளையைத் தவிர பெரிய கல் எதுவும் இல்லை. பூச்செடிகளைச் சுற்றிச் செங்கல் வரிசை. அதில் ஒரு செங்கலின் மேல் பக்கம் கறுப்பாக, டயரின் வரியோடு, அச்சுக் குத்தினாற்போல் இருந்தது. வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"நழுவின கல்லு எழுந்து நடந்துபோய் வரிசையில உக்காராதுடா" என்றார் அத்தை.

சொந்த அக்கா, இல்லையென்றால் சொந்த மனைவி, கேட்டருகே நிற்கும்போது ஒரு கை உள்ளே போய்க் கியரைத் தள்ளி, கல்லை எடுத்து, அதைப் பொறுப்பாக இடத்தில் வைத்துவிட்டும் போயிருக்கிறது. அந்தக் கைக்கு உரியவர் இப்போது இருபதடி தூரத்தில் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"சின்னவன்தானே ரேஸ்காரன்?" என்றேன் மெல்ல.

"கண்ணாடிக்கடைக்காரரோட வலது ஷூவைப் பாரு. வெளி ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. ரேஸ்காரங்க மாதிரி, கியர் மாத்துறப்ப ஒரே காலால பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கிறவங்களுக்குத்தான் அந்த இடம் தேயும். ஆட்டோமேட்டிக்குல அதுக்கு வேலையே இல்லை."

தலை சுற்றுகிற மனிதர் என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம்ம ஜாதி. அந்த நிமிஷமே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

போர்ட்டிகோவில் ஒரு சின்னச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, மஞ்சளை மறந்துடு" என்றான் சின்னவன். "தினசரி ஓட்ட அது சரிப்படாது, உனக்கு ராசியும் இல்லை. நீ சாம்பலை எடுத்துக்கோ. இப்பவும் அதுலயே கிளம்பு. நான் மஞ்சளைக் கொண்டுவர்றேன்."

"பயந்துக்கிட்டு ஒதுங்கினா நான் ஒரு பல் பிடுங்க முடியாதுடா" என்றார் டாக்டர். முகம் வெளுத்திருந்தது, ஆனால் பிடிவாதம் வெளுக்கவில்லை. "மஞ்சளை நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காரு. சாம்பலை இவர் மெதுவா ஓட்டிட்டு வரட்டும்."

"மாமாவா? அவருக்கு எதுக்கு இந்த வேலை! சாம்பல் இங்கயே கிடக்கட்டும்க்கா, ஷோரூம் ஆளை வந்து எடுக்கச் சொல்றேன்."

"ரெண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தாத்தானேடா எதுன்னு சொல்ல முடியும்? என்னங்க, இவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு வந்துடுங்க."

சின்னவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் அதற்குள் மஞ்சளில் ஏறிவிட்டார். அவன் மாமாவை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ முன்னாடி உக்காரு" என்று என் காதில் சொன்னார் அத்தை. "முகத்தைப் பார்க்காதே. காலைப் பாரு."

அத்தை மட்டும் பத்திரமாகப் பின்சீட்டில்.

அந்த வீடு இருப்பது குன்றின் உச்சியில். தெரு வளைந்து வளைந்து இறங்கி, லாரிகள் ஓயாமல் போகிற பெரிய சாலையில் முட்டும். மஞ்சள் கார் உறுமிக்கொண்டு கண்ணிலிருந்து மறைந்தது. நாங்கள் மாட்டுவண்டி வேகத்தில் கேட்டைத் தாண்டினோம். கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு தரம் எஞ்சினை அணைய விட்டார். மூன்றாவது தரம் என்னைப் பார்த்து அசடு வழிந்தார். நல்லா நடிக்கிறாய்யா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார். கார் லேசாகக்கூட முகம் சுளிக்கவில்லை. அவர் புருவம் சுருங்கியது. இன்னும் அழுத்தினார். தொடை விறைத்ததைப் பார்த்தேன். கார் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

அசட்டுச் சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. அங்கே வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை தளர்ந்து, பதவிசாக, நாள்பட்ட பழக்கத்தோடு இருந்தது. இடது கால் கிளட்சைவிட்டு நகர்ந்து பிரேக்குக்கு வந்தது. வலது கால் ஆக்சிலரேட்டருக்குப் போனது.

மிதித்தார்.

எஞ்சின் ஊளையிட்டது. என் மண்டை சீட்டில் போய் இடித்தது. இறக்கத்தில், பிரேக் பிடிக்காத காரில், இந்த மனுஷன் வேகத்தைக் கூட்டுகிறார்!

"யோவ்! என்னய்யா பண்றே!"

"பேசாதீங்க."

"அத்தை! கொல்லப் போறான் அத்தை! அப்பவே சொன்னீங்களே, ஷூ..."

திரும்பிப் பார்த்தேன். அத்தை இரண்டு கைகளாலும் முன்சீட்டைக் கட்டிப் பிடித்திருந்தார். உதடு வெள்ளையாக இருந்தது. அத்தை பயந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. பார்த்ததும் எனக்கிருந்த மிச்ச சொச்சமும் போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை நோக்கிக் கையை நீட்டினேன். கண்ணாடிக்கடைக்காரர் என் மணிக்கட்டில் பளீரென்று அடித்தார்.

"அதை இழுத்தா பின்பக்கம் சுத்திடும். மூணு பேரும் காலி. கையை எடுங்க!"

இரண்டாவது வளைவை அறுத்துக்கொண்டு திரும்பினோம். ஒரு வீட்டுச் சுவர் என் ஜன்னலை உரசாமல் உரசிப் போனது. ஒரு அம்மா வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்குள் ஓடினார். இரண்டு கால்களும் இரண்டு பெடல்களிலும் அப்படியே அழுந்தியிருந்தன. ஏதோ கருகுகிற நாற்றம் உள்ளே வந்தது. கீழே, தெரு முடிகிற இடத்தில், ஒரு நீள லாரி தெருவை அடைத்துக்கொண்டு ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கமும் இடமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என்று கத்தினேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"பிடி... பிடி... பிடி..." என்று கண்ணாடிக்கடைக்காரர் முணுமுணுத்தது கேட்டது. வலது காலை எடுத்துவிட்டு இடது காலை முழு பலத்தோடு இறக்கினார்.

பிரேக் கடித்தது. சீட் பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. கார் கிறீச்சிட்டு, குலுங்கி, நின்றது. கண்ணைத் திறந்தபோது லாரியின் பின்பலகையில் அடித்திருந்த பெயின்ட்டில் பிரஷ்ஷின் கோடு வரைக்கும் தெரிந்தது.

நான் கதவைத் திறந்து, ரோட்டோரம் போய் உட்கார்ந்து, காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்தேன்.

கண்ணாடிக்கடைக்காரர் முன்சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை வந்துகொண்டிருந்தது. "இது ஷோரூம் போட்டுக் கொடுத்த பேட் இல்லைங்க" என்றார். "ரேஸ் பேட். கொதிக்கக் கொதிக்க இருந்தாத்தான் பிடிக்கும். ஆறிப் போயிருந்தா கல்லை வச்சுத் தேய்க்கிற மாதிரிதான், வழுக்கும். அதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலரேட்டரைக் கொடுத்து சூடு பண்ணினேன். வேற வழி தெரியல."

"வேகத்துக்குத் தலை சுத்துமே உங்களுக்கு" என்றார் அத்தை.

அவர் தலையைக் குனிந்தார். "கல்யாணம் பேசப் போனப்ப, ரேஸ் ஓட்டுற பையனுக்குப் பொண்ணு கிடையாதுன்னுட்டார் மாமனார். காரையே தொட்டதில்லைன்னு ஒரு பொய் சொன்னேன். அப்புறம் அதைத் திருத்த நேரமே வாய்க்கல. அவ வாக்கிங் போற நேரத்துல அப்பப்ப ஓட்டிட்டு வருவேன். நேத்தும் போனேன். மஞ்சளை நிறுத்தினது நான்தான். ஆனா கியர் போட்டேன், கல்லு வச்சேன். என் பொண்டாட்டி மேல ஆணையா வச்சேங்க!"

"வச்சீங்க. அதைப் பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தன் எடுத்தான்." அத்தையின் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "நானும் தப்பாத்தான் நினைச்சேன். மஞ்சள் கொல்ல வந்ததுன்னு நினைச்சேன். அது மோதினா லாபம், மோதலைன்னாலும் லாபம். டாக்டர் பயந்துபோய் மஞ்சளை விட்டுட்டு சாம்பலை எடுப்பாங்க. காலையில ஆறின பிரேக்கோட கிளம்பி, இந்த இறக்கத்துல இறங்கி, அந்த லாரிக்குள்ள போயிருப்பாங்க. போலீஸ் என்ன சொல்லும்? டிராக் பைத்தியம், தானே ரேஸ் பேட் மாட்டிக்கிட்டாங்கன்னு கேஸை மூடிடும். இந்த அளவு பேட் யாருகிட்ட இருக்கும்?"

கண்ணாடிக்கடைக்காரர் மெல்ல நிமிர்ந்தார். "சின்னவனோட ரேஸ் காருக்கும் இதுக்கும் ஒரே பேட். மஞ்சளுக்கு அது பொருந்தாது. நேத்து சாயங்காலம் கழுவுற சாக்குல மாத்தியிருக்கான்." பிறகு தனக்குத்தானே பேசுவது போல, "அவங்க அப்பாவோட வீட்டை விக்கணும்னு ரெண்டு வருஷமா நச்சரிக்கிறான். அவ ஒருத்திதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறா" என்றார்.

"அவன் பக்கத்துலதானே இப்ப அவங்க உக்காந்திருக்காங்க!" என்றேன்.

அதன் பிறகு டிராக் வரை அந்த மனிதர் ஓட்டியதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை. இந்த முறை கண்ணைத் திறக்கவே இல்லை.

டாக்டர் நன்றாகத்தான் இருந்தார். மஞ்சளில் சுற்றிவிட்டு, தலைக்கவசத்தை இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். தூரத்தில் சின்னவன் சாம்பல் காரையும், அதிலிருந்து இறங்கிய மாமாவையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

கேன்டீன் மூலையில் அத்தை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னார். கணவரின் பொய்யைக் கேட்டு டாக்டர் வாயைப் பிளந்தார். தம்பியின் பேச்சு வந்ததும் மேஜையில் ஓங்கித் தட்டினார்.

"வாயை அலம்புங்க. நான் இடுப்புல தூக்கி வளர்த்த பையன் அவன். பேடை மாத்துனது ஷோரூம்காரன் தப்பா இருக்கும்."

"அப்படித்தான் இருக்கணும்னு நானும் வேண்டிக்கிறேன்" என்றார் அத்தை. "வண்டி நல்லா ஆறட்டும். அப்புறம் அவனையே ஓட்டச் சொல்லுங்க. சாம்பலை ஓட்டினதே இல்லைங்கறானே. பேட் விஷயம் தெரியாதவன் எல்லாரையும் போலத்தான் ஓட்டுவான்."

"பின்னாடி இருக்கிற ரோட்டுல ஓட்டுங்க" என்றார் கணவர். "சமதரை. ஆள் நடமாட்டம் இல்லை. ரெண்டு பக்கமும் மணல். எதுன்னாலும் மணல்ல இறங்கி நின்னுடும்."

"பக்கத்துல நான் உக்காருறேன்" என்றார் டாக்டர்.

மணல் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் காரின் பின்சீட்டில் அத்தையோடு ஏறியதும் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

"சாம்பலையே எடுத்துக்கலாம்னு இருக்கேன்டா" என்றார் டாக்டர் தம்பியிடம். "நீ ஓட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லு."

சின்னவன் ஒரு கணம் நின்றான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏறினான். பெல்ட் மாட்டினான். "நல்ல முடிவுக்கா" என்றான். கார் கிளம்பியது.

நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். இரண்டாவது கியருக்கு மாற்றி முடித்ததும் அவனுடைய இடது கால் பூனை மாதிரி நகர்ந்து பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது. எஞ்சின் முனகியது. அத்தை என் கையைப் பிடித்தார்.

டாக்டரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டுறே?"

"சும்மாக்கா. பழக்கம்."

"நிறுத்து."

"இந்த வளைவு தாண்டட்டும்க்கா."

"வண்டியை நிறுத்துடா!"

அந்தக் குரலுக்கு அவன் சின்ன வயதிலிருந்தே பயந்தவனாக இருக்க வேண்டும். யோசிக்காமல் மிதித்தான். கார் அதே வேகத்தில் வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நிக்காதுக்கா" என்றான் சின்னவன். "இன்னும் சூடாகல."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. கார் வளைவைத் தாண்டி மணலில் இறங்கி, இழுத்து இழுத்து நின்றது. டாக்டர் கதவைத் திறக்கவில்லை, அவனை அடிக்கவில்லை. தம்பியிடமிருந்து எவ்வளவு தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளி, கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்தார்.